கக்கூசு: ஒரு கொச்சைச் சொல்லின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்னர் எட்டாம் வகுப்பு மாணவரின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். 'எங்கள் வீடு' என்பது தலைப்பு. ஒரு மாணவன் தன் வீட்டைக் கண்முன் நிறுத்துமாறு எழுதியிருந்தான். முற்றத்து முருங்கை, கிணறு, தகரக் கூரையில் மழை விழும் ஓசை எல்லாம் அதில் இருந்தன. 'கிணற்றுக்கு அப்பால் கக்கூசு இருக்கிறது' என்று ஒரு வசனமும் இருந்தது. நாம் சிவப்பு மையால் அச்சொல்லை வெட்டி, மேலே 'மலசலகூடம்' என்று எழுதி, ஓரத்தில் 'கொச்சை' எனக் குறித்து வைத்தோம்.

மறுநாள் அவன் கொப்பியுடன் மேசையருகே வந்து நின்றான். "சேர், இது கெட்ட சொல்லா?" என்று கேட்டான். "கெட்ட சொல் என்றில்லை, எழுத்தில் வரத்தகாத சொல்" என்றோம். அவன் சற்று நேரம் பேசாது நின்றான். பிறகு, "எங்கட அப்பப்பா அந்த வேலைதான் செய்தவர், சேர். அவர் அப்படித்தான் சொல்லுவார்" என்று கூறிவிட்டுத் தன் இடத்தில் போய் அமர்ந்தான்.

பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று பட்டம் பெற்ற நமக்கு, அச்சொல் எங்கிருந்து வந்தது என்று அன்று சொல்லத் தெரியாது. தெரியாத ஒன்றைக் கொச்சை என்று தீர்ப்பளித்திருந்தோம். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம். ஒரு சொல்லின் பிறப்பைத் தேடப் போன நாம், திருக்கோணமலைத் துறைமுகத்தின் பழைய வரலாற்றினுள்ளும், அதற்கப்பால் நமது சமுதாயத்தின் அடித்தளத்தினுள்ளும் இறங்க வேண்டியதாயிற்று.

*

'கக்கூசு' தமிழ்ச் சொல்லன்று, வடசொல்லுமன்று. அது ஒல்லாந்த மொழியினின்றும் வந்தது. 'கக்' என்பது அம்மொழியில் மலத்தைக் குறிக்கும் பச்சையான சொல். வீடு என்னும் பொருளுடைய சொல்லை அதனோடு கூட்டி, மலங்கழிக்கும் இடத்துக்குப் பெயராக்கினர் அந்நாட்டுப் பாமர மக்கள். பொருள் மாறாது தமிழாக்கின் 'பீவீடு' என்றே சொல்ல வேண்டும். இன்றும் நெதர்லாந்தில் நாகரிகமான கூட்டத்தில் எவரும் இச்சொல்லை எடுக்க மாட்டார்.

பழைய ஆங்கிலத்திலும் இதற்கு இனமான ஒரு சொல் உண்டு. ஆகவே ஆங்கிலேயரிடமிருந்து நாம் இதனைப் பெற்றிருத்தல் கூடாதா என்று கேட்கலாம். விடை சொல்லின் நடமாட்டத்திலேயே இருக்கிறது. இந்தோனேசியாவில் மலங்கழிக்கும் இடத்துக்கு 'காக்குஸ்' என்று பெயர். ஆங்கிலேயர் ஜாவாவை ஆண்டது 1811 முதல் 1816 வரை ஐந்தே ஆண்டுகள். ஒல்லாந்தரோ 1619 இல் பத்தாவியா நகரை நிறுவியது தொட்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அங்கே வேரூன்றியிருந்தனர். மலையாளத்தில் இன்றும் யாவரும் வழங்கும் சொல் 'கக்கூஸ்' என்பதே. கொச்சித் துறை 1663 முதல் 1795 வரை ஒல்லாந்தர் கையில் இருந்தது. சிங்களப் பேச்சு வழக்கில் 'கக்குஸ்ஸிய'. தமிழ்க் கரையிலோ பழவேற்காட்டில் 1613 இல் ஒல்லாந்தர் கோட்டை எழுந்தது. தூத்துக்குடியும் நாகபட்டினமும் யாழ்ப்பாணமும் 1658 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் கைக்கு மாறின.

இந்த ஊர்களை ஒரு தேசப்படத்தில் புள்ளியிட்டுக் கோட்டால் இணைத்துப் பாருங்கள். அது எந்த ஓர் இனத்தின் எல்லையுமாகாது. எந்த ஒரு மொழியின் எல்லையுமாகாது. 1602 இல் அமைந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் சென்றுவந்த வழி அது. மிளகும் கறுவாவும் துணியும் யானையும் சென்ற அதே வழியில் இந்தச் சொல்லும் சென்றிருக்கிறது. தமிழனும் சிங்களவனும் மலையாளியும் ஜாவானியனும் வேறெதில் வேறுபட்டாலும், இந்த ஓரிடத்துக்கு ஒரே பெயரைச் சொல்லுகிறார்கள். வணிக ஏகாதிபத்தியம் நமக்களித்த ஒற்றுமைகளுள் இதுவும் ஒன்று.

*

திருக்கோணமலைத் துறைமுகம் இயற்கை அமைத்துக் கொடுத்த ஆழ்துறை. வங்கக் கடலில் பருவக்காற்று சீறும்போது பெருங்கப்பல்கள் ஒதுங்குதற்கு இதனினும் சிறந்த இடம் இக்கரையில் அரிது. அதனாலேயே இவ்வூர் மக்கள் அமைதியாக வாழ விடப்படவில்லை. 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர். அடுத்த ஈராண்டுகளில் அக்கற்களையும் கொண்டு கோட்டை கட்டினர். 1639 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடன் கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்தனர். பின்னர் அதனைக் கைவிட்டு, மீண்டும் வந்து கட்டிக் காத்தனர். 1672 இல் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து சில மாதங்கள் நின்று போயிற்று. 1782 சனவரியில் ஆங்கிலேயர் பிடித்தனர். அவ்வாண்டு ஓகஸ்டிலேயே பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் அவர்களிடமிருந்து பறித்தான். சமாதானத்தின் பின் மறுபடியும் ஒல்லாந்தர் வந்தனர். 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் கைப்பற்றியதோடு ஒல்லாந்தர் ஆட்சி இங்கே முடிந்தது. இன்று நாம் பிரெட்ரிக் கோட்டை என வழங்கும் பெயர் 1803 இல் ஆங்கிலேயர் தம் இளவரசன் ஒருவன் பெயரால் இட்டது. உட்துறைமுக வாயிலைக் காத்துநின்ற குன்றின் மேலுள்ள ஒஸ்தன்பேர்க் கோட்டையின் பெயரில் மட்டும் ஒல்லாந்தர் குரல் இன்னும் கேட்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குத் தெற்கே மாலை வேளைகளில் மக்கள் காற்று வாங்கும் சிறுகுடாவும் டச்சுக்காரர் பெயரையே தாங்கியிருக்கிறது.

பாடப்புத்தக வரலாறு இவ்வளவில் நிற்கும். கோட்டையைப் பிடித்தவன் பெயர் இருக்கும். இழந்தவன் பெயர் இருக்கும். கோட்டைக்குள்ளே வாழ்ந்தவர் யார் என்பதை அது கேட்பதில்லை. நமது சொல்லோ அதைத்தான் கேட்கிறது.

கம்பனி வாழ்ந்த இரு நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் அதன் கப்பல்களில் ஏறிக் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுள் ஐரோப்பாவுக்குத் திரும்பியோர் பாதிக்கும் குறைவு. பிரபுக்களின் மக்களும் அவர்களிடையே இருந்தனர். ஆனால் பெருந்தொகையினர் நிலமிழந்த உழவர், வேலையற்ற கைவினைஞர், அனாதைகள், கடன்பட்டோர். போர்வீரருள் பலர் ஒல்லாந்தருமல்லர். ஜெர்மானிய நாடுகளிலிருந்தும் வடகடற் கரைகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர். மாதம் ஏறத்தாழ 9 கில்டர் ஊதியத்துக்குத் தம் உயிரை விற்றவர்கள் அவர்கள். கப்பலிலேயே வர்க்க வேறுபாடு தெளிவாக இருந்தது. அதிகாரிகளுக்குப் பின்புறத்தே மறைவான இடம். மாலுமிகளுக்கும் படைவீரருக்கும் கப்பலின் முன்முனையில், கடலுக்கு மேலே, காற்றுக்கும் அலைக்கும் நடுவே திறந்த இடம்.

மேல்வகுப்பு ஒல்லாந்தருக்கும் நமக்கிருப்பது போன்ற நாணம் இருந்தது. மலங்கழிக்கும் இடத்தை அவர்கள் மறைபொருள்படும் சொற்களால் குறித்தனர். 'இரகசிய இடம்' என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. 'சிறந்த அறை' என்று பொருள்படுமாறு ஒலிக்கும் இன்னொன்றும் இருந்தது. ஆளுநரும் குருமாரும் வணிகப் பெரியோரும் நமக்கு மொழி கற்பித்திருப்பின், அவ்வகைச் சொல் ஒன்றே நம் வாயில் நிலைத்திருக்கும். அவை எவையும் இங்கே நிலைக்கவில்லை. நிலைத்தது பாசறைச் சொல், மாலுமியின் சொல்.

சொல்லின் உயிரொலியும் இதற்கு ஒரு குறிப்புத் தருகிறது. வீடு என்னும் பொருளுடைய அச்சொல்லை இன்றைய நெதர்லாந்தார் 'ஹெய்ஸ்' என்பதுபோல் உச்சரிக்கின்றனர். ஒல்லாந்து மாகாணத்து நகர மக்களின் நாவில் 17 ஆம் நூற்றாண்டிலேயே அவ்வொலி இரட்டித்துவிட்டது. ஆனால் சீலாந்து மாகாணத்துக் கடற்கரை மக்களும், வட ஜெர்மானியப் பாமர மக்களும் 'ஹூஸ்' என்பதற்கு நெருக்கமாகவே ஒலித்து வந்தனர். சீலாந்தின் மிடில்பர்க் நகரமோ கம்பனியின் ஆறு கிளைகளுள் ஒன்றன் இருப்பிடம். நம்முடைய 'கக்கூசு' நெடிலான ஊகாரத்தைத் தாங்கி நிற்பதை இதனோடு வைத்து எண்ணிப்பாருங்கள். கற்றோர் ஏட்டிலிருந்து படித்துக் கொண்டதாக அன்றி, கடற்கரைப் பாமரர் வாயிலிருந்து கேட்டுக் கொண்டதாகவே இச்சொல் தோன்றுகிறது.

*

ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்ற சொற்களை இரு கூறாகப் பிரிக்கலாம். முதற் கூறு மேலிருந்து வந்தது. அலுவலகத்தை ஈழத்துத் தமிழர் நெடுங்காலம் 'கந்தோர்' என்றனர். உறுதி முடிப்பவரை 'நொத்தாரிசு' என்கிறோம். கடன் தீர்க்க வழியற்றுப் போவதை 'வங்குரோத்து' என்கிறோம். 2022 இல் நாடே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நின்றபோது இச்சொல் எல்லாப் பத்திரிகைத் தலைப்புகளிலும் ஏறிற்று. மேசையின் 'லாச்சி'யும் அவ்வழி வந்ததே. இவை சட்டத்தோடும் கணக்கோடும் எழுதுகோலோடும் வந்த சொற்கள். றோமன்-டச்சுச் சட்டம் இன்றும் இலங்கையின் பொதுச் சட்டமாக நிலவுவது போல, இவையும் மரியாதையுடன் நிலவுகின்றன.

இரண்டாம் கூறு கீழிருந்து வந்தது. கம்பனியின் செம்புக் காசுகளுள் மிகச் சிறியதன் பெயர் நம்மிடையே 'துட்டு' ஆயிற்று. கையில் துட்டில்லை என்று சொல்லும் கூலியாள் எவனும் தான் ஒல்லாந்தம் பேசுவதை அறியான். கக்கூசும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. 'நொத்தாரிசு' என்று மாணவன் எழுதினால் நாம் சிவப்பு மையைத் தொடுவதில்லை. இரண்டும் ஒரே கப்பலில் வந்தவை. ஒன்று அதிகாரியின் பெட்டியில் வந்தது, மற்றது மாலுமியின் வாயில் வந்தது என்பதே வேறுபாடு. சொற்களுக்கும் நாம் சாதி வகுத்திருக்கிறோம்.

*

சொல்லுதற்கு ஒருவன் இருந்தால் கேட்பதற்கும் ஒருவன் இருந்திருக்க வேண்டும். படைவீரன் வாயிலிருந்து இச்சொல்லை முதன்முதல் கேட்டுக்கொண்டவர் யார்? சமயவாதம் செய்த புலவராக அவர் இருந்திருக்க முடியாது. தோம்பு எழுதிய முதலியாராக இருப்பதற்கும் இடமில்லை. 'கக்கூசைச் சுத்தம் செய்' என்ற கட்டளை யார் மேல் விழுந்ததோ, அவரே முதலிற் கேட்டிருப்பார்.

கம்பனி ஆண்ட நகரங்களில் இழிந்ததாகக் கருதப்பட்ட வேலைகளை அடிமைகளே செய்தனர். பத்தாவியாவில் இரவு ஒன்பது மணியானதும் வீட்டு அடிமைகள் மலச்சட்டிகளைக் கொண்டுவந்து கால்வாயில் கவிழ்த்தனர். இலங்கையில் காலிக் கோட்டையின் நிலத்தடிக் கழிவுக் கால்வாய்களைக் கடலலை புகுந்து கழுவுமாறு ஒல்லாந்தர் அமைத்த திறமையைச் சுற்றுலா வழிகாட்டிகள் இன்றும் புகழ்வர். பொறியியலின் திறமை மெய்யே. எனினும் எல்லா ஊரிலும் அலை வந்து கழுவவில்லை. பெரும்பாலான ஊர்களில் மனிதக் கைகளே கழுவின.

இந்த அடிமைகள் எங்கிருந்து வந்தனர்? 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ப் பகுதி பீசப்பூர்ப் படைகளின் சூறையாடலாலும் அதனைத் தொடர்ந்த பஞ்சத்தாலும் பாழாயிற்று. சோறின்றி மக்கள் தம்மையும் தம் குழந்தைகளையும் விற்றனர். அக்காலத்தில் நாகபட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பனி வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 வரை. அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைக்கு ஏற்றப்பட்டனர். ஒரு பகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் சென்றனர். அவர்கள் தமிழர். சோழவள நாடு சோறுடைத்து என்று பெருமை பேசும் நாம், அந்நாட்டு மக்கள் சோற்றுக்காக விற்கப்பட்ட கதையைப் பாடப்புத்தகத்தில் எழுதவில்லை. கொழும்பில் கம்பனியின் அடிமைகளை அடைத்து வைத்த பகுதியை ஆங்கிலேயர் 'அடிமைத் தீவு' என்றனர். தமிழில் அது இன்றும் 'கொம்பனித் தெரு'. இரு பெயரும் ஒரே உண்மையை இரு புறத்திலிருந்து சொல்லுகின்றன.

அந்நியனை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் தப்பிக்கொள்ள முடியாது. 1707 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துத் தேசவழமையைத் தொகுத்து எழுதியபோது, நம் முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்த்து ஒப்பினர். அதில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருந்தது. எந்தெந்தச் சாதியார் பிறப்பினாலேயே அடிமைகள் என்பதும், அவர்கள் உடையானுக்குச் செய்ய வேண்டிய ஊழியமும் அங்கே சட்டமாயின. கம்பனி வந்து புதிதாக அடிமைத்தனத்தைக் கற்பிக்கவில்லை. இங்கே இருந்த நிலவுடைமைச் சமுதாயத்தின் ஏணியைக் கண்டது. தன் வாணிபத்துக்கு அது வாய்ப்பாக இருக்கக் கண்டது. அதனை எழுதி முத்திரையிட்டது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல். ஏணி ஒழியவில்லை.

*

இனி, கொச்சையான ஒரு சொல் எல்லார் வாயிலும் எவ்வாறு ஏறிற்று என்பதைப் பார்ப்போம். இதற்குத் தமிழிலக்கணமே விளக்கந் தருகிறது.

அவையில் சொல்லத்தகாதவற்றை வேறு வாய்பாட்டால் சொல்லுதல் தமிழ் மரபு. தொல்காப்பியர் 'அவையல் கிளவி' என்று இதனைச் சுட்டினார். பின்வந்தோர் 'இடக்கரடக்கல்' என்றனர். 'கால் கழுவி வந்தேன்' என்பது நாம் வகுப்பில் சொல்லும் உதாரணம். 'வெளிக்குப் போதல்', 'கொல்லைக்குப் போதல்' என்பன கிராமத்து வழக்கு. இவை அனைத்தும் திறந்த வெளிக்குரிய சொற்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டையடுத்து அதற்கென ஒரு கூடு கட்டும் வழக்கம் நகரத்தோடும் கோட்டையோடும் பரவியது. புதிய கட்டடத்துக்குப் புதிய பெயர் வேண்டியிருந்தது. நம் சொற்களில் மலம் என்பதைச் சுட்டும் எதனைக் கொண்டு பெயரிட்டாலும் அது காதுக்குக் கூசும். அந்நியச் சொல்லோ கூசவில்லை. ஏனெனில் அதன் பொருள் நமக்குத் தெரியாது. குழந்தைகளின் 'கக்கா' என்னும் சொல்லோடு அதற்கிருந்த ஓசை ஒற்றுமை, நாவில் அது எளிதாக அமர உதவியும் இருக்கலாம்.

இவ்வாறு ஒரு விந்தை நடந்தது. ஒல்லாந்தன் வாயில் மிகப் பச்சையாக இருந்த சொல், தமிழன் வாயில் இடக்கரடக்கல் ஆயிற்று! அங்கே எதனை அம்பலப்படுத்திற்றோ, இங்கே அதனையே மறைத்தது. கோட்டையில் சுத்தம் செய்தவனிடமிருந்து நகரத்து வீட்டுக்காரன் கற்றான். வீட்டுக்காரனிடமிருந்து கச்சேரியும் பள்ளிக்கூடமும் கற்றன. பிராமணரும் வேளாளரும் கிறித்தவரும் முஸ்லிமும் வேறுபாடின்றி அதனை வழங்கினர். ஒல்லாந்தர் போய்விட்டனர், 1799 முடிவில் அவர்களுடைய கம்பனியும் கலைந்தது. சொல் மட்டும் அவர்களுடைய வாள்கள் சென்ற இடத்துக்கும் அப்பால் தமிழ்நாட்டின் உட்பகுதிகளுக்கும் தெலுங்கு, கன்னட நாடுகளுக்கும் நடந்து சென்றது.

ஆயினும் இடக்கரடக்கல் நெடுநாள் தாங்குவதில்லை. துணியால் மூடிய பொருளின் நாற்றம் நாளடைவில் துணியிலும் ஏறிவிடும். பொருள் பழகியதும் கக்கூசும் கூசத் தொடங்கிற்று. பின்னர் வடசொற்களைக் கூட்டி 'மலசலகூடம்' செய்தோம். தமிழ்நாட்டார் 'கழிப்பறை' என்றனர். இன்று அதுவும் போதாமல் 'பாத்ரூம்' என்கிறோம், 'டொய்லட்' என்கிறோம். இந்த டொய்லட்டும் பிரெஞ்சு மொழியில் ஒரு சிறு துணியையே முதலிற் குறித்தது. மறைப்பதற்கு நாம் தேடிய கடைசிச் சொல்லும் ஒரு துணித்துண்டுதான்.

*

சொல் இழிந்ததற்கு நாற்றம் மட்டும் காரணமன்று. அச்சொல்லோடு ஒரு கூட்டத்தாரைப் பிணைத்து வைத்தோம் என்பதே பெருங்காரணம்.

ஆங்கிலேயர் காலத்தில் நகரங்கள் பெருகின. கொழும்பிலும் கண்டியிலும் 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநகர சபைகள் அமைந்தன. பிற ஊர்களிலும் காலப்போக்கில் உள்ளூர்ச் சபைகள் எழுந்தன. நகரத்துக்கு வாளிக் கக்கூசு வந்தது. வீட்டின் பின்புறத்தே ஒரு சிறு கதவு. அதனுள்ளே ஒரு வாளி. விடியுமுன் ஒருவர் வந்து வாளியை எடுத்து மலவண்டியில் கவிழ்த்துச் செல்வார். வீட்டார் அவர் முகத்தைப் பாராமலே ஒரு வாழ்நாளைக் கழிக்கலாம். கதவு அதற்காகவே பின்புறத்தில் வைக்கப்பட்டது. இந்த வேலைக்கு ஆங்கில ஆட்சியும் சபைகளும் தமிழ்நாட்டிலிருந்து அருந்ததியர் சமூகத்தாரை அழைத்து வந்தன. நகர ஓரங்களில் வரிசை வீடுகளைக் கட்டிக் குடியேற்றின. தகப்பன் செய்த வேலை மகனுக்கு. மகன் செய்தது பேரனுக்கு. வேலையோடு வீடும் பிணைக்கப்பட்டிருந்தது; வேலையை விட்டால் கூரையில்லை.

1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் துயரத்தை நாம் ஓரளவு எழுதியிருக்கிறோம். அதே இடி நகரத்தைத் துப்புரவாக்கிய கைகள் மேலும் விழுந்ததை எழுதியவர் மிகக் குறைவு. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மனிதரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இந்நாட்டின் அழுக்கைச் சுமந்தவர்கள் இந்நாட்டவர் என்று முழுமையாக ஒப்புக்கொள்ள அரசுக்கு 55 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இத்துறைமுகத்தில் 1957 வரை ஆங்கிலேயக் கடற்படை இருந்தது. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசியதை முதியோர் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். கப்பல்களின் பெயர்களை அவர்கள் மறக்கவில்லை. அந்நாட்களில் இவ்வூரின் வாளிகளைச் சுமந்தவர் பெயரைக் கேட்டால், ஒரு பெயரும் வருவதில்லை. அவரது வேலையின் பெயரே வருகிறது. சொல் மனிதனை விழுங்கிவிட்டது.

*

கடல் கடந்த தமிழ்நாட்டிலும் நிலைமை வேறன்று. அங்கே அதன் பெயர் 'எடுப்புக் கக்கூசு'. மலத்தை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க இந்திய நாடாளுமன்றம் 1993 இல் ஒரு சட்டம் இயற்றிற்று. அது ஏட்டில் உறங்கியதால் 2013 இல் இன்னொரு சட்டம் வேண்டியதாயிற்று. பெசவாடா வில்சன் முதலியோர் கட்டியெழுப்பிய துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் தொடுத்த வழக்கில் 2014 இல் உச்ச நீதிமன்றம், கழிவுநீர்க் குழிகளில் மாண்டோர் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபா வழங்கப் பணித்தது. 2023 இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்ததே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

2017 இல் திவ்யபாரதி இத்தொழிலாளரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'கக்கூஸ்'. நாகரிகமான சொற்கள் பல இருக்க, அவர் இதனைத் தேர்ந்தது தற்செயலன்று. மறைப்புத் துணியை நீக்க விரும்புவோர்க்கு அச்சொல்லே தகுந்த சொல். படத்தைத் திரையிடக் காவல் துறை பல இடங்களில் தடை விதித்தது. பெயர் மீண்டும் பச்சையாகிவிட்டது என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ?

தகழியின் 'தோட்டியின் மகன்' 1947 இல் மலையாளத்தில் வெளிவந்தது. ஆலப்புழையில் மலஞ்சுமந்த ஒரு பரம்பரையின் கதை அது. மகனாவது இவ்வேலையிலிருந்து தப்ப வேண்டும் என்று தந்தை துடிப்பதே அதன் உயிர்நாடி. சுந்தர ராமசாமி அதனைத் தமிழுக்குத் தந்தார். தலைப்பிலுள்ள 'தோட்டி' என்ற சொல்லும் பின்னர் மாற்றத்துக்குள்ளாயிற்று. 'துப்புரவுப் பணியாளர்' என்றனர். 2020 இல் தமிழ்நாட்டு அரசு 'தூய்மைப் பணியாளர்' என்று பெயர் சூட்டிற்று. இலங்கையில் 'சுகாதாரத் தொழிலாளி' என்கிறோம். மரியாதையான பெயர் வேண்டியதே. அதனை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் கையுறையும் காலணியும் நிரந்தர நியமனமும் நியாயமான ஊதியமும் கொடாமல் பெயரை மட்டும் கொடுப்பது எவ்வகை மரியாதை? பெயர் பலமுறை மாறியும், அப்பெயரைத் தாங்குவோர் பெரும்பாலும் அதே சமூகங்களிலிருந்தே வருகிறார்கள் என்றால், மாறியது எது?

*

இடத்தின் பெயரை நூற்றாண்டுக்கொரு முறை மாற்றினோம். வேலை செய்தவரின் பெயரைப் பத்தாண்டுக்கொரு முறை மாற்றுகிறோம். யார் அவ்வேலையைச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மாற்றாது வைத்திருக்கிறோம். ஒல்லாந்தன் தன் மாலுமியைக் கப்பலின் முன்முனையில் நிறுத்தியதற்கும், நாம் வீட்டின் பின்புறத்தில் சிறு கதவு வைத்ததற்கும் அடிப்படை ஒன்றே. அழுக்கு எல்லாருடையது, அதைத் தொடும் கை மட்டும் சிலருடையது. இந்த ஏற்பாடு உள்ளவரை நாம் எத்தனை புதுச் சொல் படைத்தாலும் அதுவும் ஒருநாள் கூசும்.

சொற்களைத் திருத்துவது ஆசிரியரின் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லைக் கொச்சை என்று வெட்டுமுன், அதனைச் சொல்லும் வாய் யாருடையது, அந்த வாய்க்கு அச்சொல்லைக் கொடுத்த வரலாறு எது என்று கேட்டுப் பார்ப்பதும் நமது கடமையே. மொழித் தூய்மை பேசும் வகுப்பறையில் நகரைத் தூய்மை செய்தவன் பேரன் தலைகுனிந்து அமர்ந்திருந்தால், அத்தூய்மையால் யாருக்குப் பயன்?

அடுத்த பாட வேளையில் அதே வகுப்பில் கரும்பலகையில் ஒரு தேசப்படம் வரைந்தோம். பத்தாவியா, கொச்சி, பழவேற்காடு, நாகபட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், திருக்கோணமலை எனப் புள்ளியிட்டு, கக்கூசின் பயணத்தை மாணவருக்குச் சொன்னோம். முதலிற் சிரித்தனர். நாகபட்டினத்து அடிமைகளின் கதை வந்தபோது சிரிப்பு நின்றது. பாடம் முடிந்ததும் அந்த மாணவனின் கொப்பியை வாங்கி, நாம் ஓரத்தில் எழுதியிருந்த 'கொச்சை' என்பதை வெட்டினோம். 'மலசலகூடம்' என்பதையும் வெட்டி, அவன் எழுதிய சொல்லின் கீழே 'சரி' என்று குறித்து, நமது கையொப்பத்தை இட்டுக் கொடுத்தோம்.